பெயருக்கு விட்ட இடம்

அம்பிட்டியவில் மழை விட்டு, மாலை வெயில் குசினிக்குள் சாய்கிறது. சசிதரன் எழுதிய தாலாட்டைப் போனில் ஏஐ முதன்முறையாகப் பாடுகிறது. யாரோ ஒரு பெண்ணின் குரல். அடிக்கு அடி மூச்சுக்கூட வாங்குகிறது. முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க அவனும் மனைவி நிலூஷாவும் காத்திருந்த குழந்தை இருபத்திரண்டாம் நாளே போய்விட்டது. அதனால் பாட்டில் பெயர் வரும் இடத்தில் அவன் வெறும் புள்ளிகளைத்தான் வைத்திருந்தான். ஓராண்டாக இருவருமே நிரப்பத் துணியாத அந்த இடத்தில் குரல் “சாருமதி” என்கிறது. கோப்பை கழுவிக்கொண்டிருந்த நிலூஷாவின் கை நிற்கிறது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடுகிறது. “பேரு நீங்களா வச்சீங்க?” என்கிறாள். “இல்ல நிலூ, அதுவா போட்டுக்கிச்சு. இந்தா, அழிச்சிர்றேன்.” போனைத் தொடப்போன அவன் விரலை ஈரக்கையால் பிடித்துக்கொள்கிறாள். கீழே வளைவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துத் திரும்புகிறது. பாட்டு முடிகிறது. அவள் பார்வை வாசல்நிலையைத் தாண்டி, அறையின் உத்தரத்தில் தொட்டில் கட்டியிருந்த கொக்கியில் போய் நிற்கிறது. “சாருமதி,” என்று மெல்லக் கூப்பிடுகிறாள். பிறகு, பதில் காதில் விழ வேண்டுமே என்பதுபோல், எட்டிக் குழாயை மூடுகிறாள்.