பழைய நீலம்

மகள் ராகினியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடவென்று அச்சாகி வந்த படத்தில் அவள் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. கல்யாண ஆல்பங்களுக்கு வீட்டிலிருந்தே நிறம் திருத்திக் கொடுக்கும் குற்றாலிங்கம், லேபுக்காரனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "அண்ணாச்சி, பிரிண்ட்ல ஒரு குத்தமும் இல்ல. ஒங்க மானிட்டர்தான் நீலமா ஓடுது. அளந்து பாருங்க" என்றான் அவன்.

நிறமளக்கும் கருவியை இரவல் வாங்கித் திரையின் மேல் தொங்கவிட்டார். சிவப்பும் பச்சையும் நீலமும் கட்டம் கட்டமாக வந்துபோயின. திரை சரியானதும் பொங்கலன்று எடுத்த அந்தப் படத்தைத் திறந்தார். மஞ்சள் கண்ணோடு சிரித்தாள் ராகினி.

"பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்குங்க" என்று பொங்கலுக்கு மறுநாளே மனைவி செண்பகம் வந்து நின்றாள். இதே படத்தை இதே திரையில் பெரிதாக்கி, "பாரு, பாலு மாதிரி இருக்கு. அடுப்படி பல்புல பாத்தா எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும்" என்று காட்டியவர் அவர்தான். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகப் பன்னிரண்டு நாளாயிற்று.

"ஏங்க, சரியாயிட்டா?" அடுப்படியிலிருந்து செண்பகம் கேட்டாள்.

அவர் திரையைப் பழைய நீலத்துக்கே திருப்பினார். மகளின் கண்கள் வெளுத்தன.

"இன்னும் இல்ல" என்றார்.