கருங்குதிரைக்காரி மண்டியிடவில்லை

"அதுல அப்படியா எழுதியிருக்கு?"

லாவண்யா பட்டென்று கேட்டுவிட்டாள். பழைய புத்தகக் கடைக்காரர் சேனாதிபதி, கையிலிருந்த பத்திரிகையைச் சட்டென்று மூடினார்.

லாவண்யா திண்டுக்கல்லில் கல்லூரி ஆசிரியை. அந்தக் காலத்து மலிவு விலை ஆங்கிலப் பத்திரிகைகளில், வாளும் மந்திரமுமாக வந்த வீராங்கனைக் கதைகள்தான் அவள் ஆராய்ச்சி. கொடைக்கானல் பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பத்திரிகைகள் நாயுடுபுரத்து இந்தக் கடையில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கடைக்காரரிடம் போனில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வந்த நேரத்தில், சேனாதிபதி கருங்குதிரைக்காரி என்ற வீராங்கனையின் கதைகளில் ஒன்றைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக முருகேஸ்வரி. வட்டக்கானல் விடுதியில் சமையல் சோலி பார்ப்பவள்.

"தளபதி சாட்டையை ஓங்குனான். கருங்குதிரைக்காரி அசரல. ஒரே வீச்சு! சாட்டை ரெண்டு துண்டாக் கீழ கெடக்கு. 'இனி என் மேல கை வச்சே, அடுத்து உன் கை'ன்னா!"

"அப்படிப் போடு!" என்று முருகேஸ்வரி தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் வெரசாக் கெளம்புறேண்ணே. வீட்ல கண்மணி காத்துக்கிட்டு இருப்பா."

அவள் வாசலைத் தாண்டியதும்தான் லாவண்யா அப்படிக் கேட்டாள்.

"பின்னாடி நின்னு நானும் படிச்சேன் ஐயா. அவ வாளைக் கீழ போட்டுட்டு, அவன் முன்னாடி மண்டியிடுறா. அதானே இருக்கு?"

"அதான் இருக்கு."

"படிக்காதவங்கன்னா என்ன வேணா சொல்லலாமா?"

சேனாதிபதிக்குக் கோபம் வரவில்லை.

"உக்காருங்க டீச்சர். அந்தக் காலத்துல எழுதுனவங்க பொம்பளை கையில வாளைக் குடுத்திருவாங்க. கடைசியில அடிச்சவன் காலுலயே அவளை விழவும் வச்சிருவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதைத்தான் அவள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"முருகேஸ்வரி மக கண்மணி, புருஷன்கிட்ட அடி வாங்கி, ஒடைஞ்ச கையோட வந்து கெடக்கு. யாரோடயும் பேச்சில்ல, சரியாச் சாப்பாடும் இல்ல. ஆத்தாக்காரி இங்க கேக்குற கதையைப் போய்ச் சொன்னா, அதுக்கு மட்டும் தலையைத் தூக்குதாம். அவன் வேற வந்து கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான். இப்பப் போய், அவ மண்டியிட்டான்னு நான் எந்த வாயால வாசிக்கட்டும்?"

"என்னைக்காவது உண்மை தெரிஞ்சா அந்தப் பொண்ணு நொறுங்கிப் போகாதா?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு" என்றார் சேனாதிபதி.

லாவண்யா கடையை விட்டு வெளியே வந்தாள். பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஜீப் நிற்கும் இடத்தில் முருகேஸ்வரி. இவளைக் கண்டதும் கிட்டத்தில் வந்தாள்.

"டீச்சரம்மா, நீங்க அந்தப் பக்கத்தைப் பாத்தீங்கல்ல? அண்ணன் வாசிச்சது சரிதானுங்களா?"

புத்தகத்தில் ஒரு வார்த்தை மாறினாலும் மாணவிகளை விடாதவள் லாவண்யா.

"சரிதாங்க. வரிக்கு வரி அப்படியே இருக்கு."

முருகேஸ்வரி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருப்பீங்கம்மா. வாசல்ல செருப்பு மாட்டுறப்ப நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. நீங்களும் அண்ணனை விட்டுக்குடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் மனசு ஆறும்னு கேட்டேன்."

"அப்ப உங்களுக்கு..."

"தெரியும்மா. அந்தக் கதையெல்லாம் போன்லயே கெடக்காம். கண்மணி இங்கிலீசு படிச்சவ. அண்ணன் வாசிச்ச மொதக் கதையையே தேடிப் படிச்சுட்டு, 'கதையில அவ தோத்துப் போறாம்மா, அந்த மாமாதான் ஜெயிக்க வைக்கிறாரு'ன்னு ஓன்னு அழுதா. அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டா. நேத்து அவ புருஷன் ஆளுங்களோட வந்து நின்னான். வரமாட்டேன்னு வாசல்ல வச்சே சொல்லி அனுப்பிட்டா."

"இதைச் சேனாதிபதி ஐயாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"கண்மணி சொல்லக் கூடாதுன்னுட்டாம்மா. 'யாருன்னே தெரியாத எனக்காக ஒரு மனுஷன் தெனமும் உக்காந்து பொய் சொல்றாரு, அதை நிறுத்திப்புடாதே'ங்கிறா."