பாலிக்குப் போகும் ஆசை

"டெல்பினாக்கா, மூணு மாசமா பிரீமியம் கட்டல. நாளைக்கே வழுக்கி விழுந்தா ஆஸ்பத்திரிக்கு யாரு அழுவா?" போனில் பொரிந்து தள்ளினார் காப்பீட்டு ஏஜென்ட் கிறிசாந்தோ.

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகர மீன் சந்தையிலிருந்து சிரிப்பு வந்தது. "நீயே கட்டிடு தம்பி. எப்பவும் அதானே நடக்குது?"

அதுதான் நடந்துவந்தது. தன் வாடிக்கையாளர்களில் ஒருவரின் பாலிசிகூடக் காலாவதியாகாமல் காக்கும் ஏஜென்ட்டை கம்பெனி பாலித் தீவுக்கு அனுப்பும். அந்த ஆசையில் ஊராருக்கெல்லாம் கட்டிக் கட்டியே அவர் பை காலி.

"இந்தத் தடவை முடியாதுக்கா. அடிபட்டதுக்கப்புறம் புதுப்பிக்க ஓடினா ஒருத்தனும் சீண்டமாட்டான். அனுபவத்துல சொல்றேன்."

போனை வைத்ததும் எதிரே நின்ற நர்ஸ் தயங்கினாள்.

"சார், உங்க பாலிசி போன மாசமே காலாவதியாயிடுச்சாம். செலவெல்லாம் நீங்கதான் கட்டணும். உங்க ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லலையா? அந்த ஆளைச் சும்மா விடாதீங்க!"

மாவுக்கட்டுப் போட்டுத் தொங்கவிட்டிருந்த தன் காலைப் பார்த்தார் கிறிசாந்தோ.

"எங்கம்மா ஓடிடப் போறான்? காலு ஒடிஞ்சு இங்கதான் கிடக்கான்."