சுறாவெண்ணெய்

வெள்ளைக்காரர் நடத்திய சலாபத்தில் முத்துக் குளிக்கப் போன அபூசாலி கடலோடு போய்விட்டான். பள்ளிமுனையில் அவனுடைய பழஞ்சாமான் கடையை மனைவி நசீறா நடத்தினாள். அவன் வாங்கிய ஒல்லாந்தர் படைவாள் சுவரில் தொங்கியது. போலியை வாங்கி ஏமாந்தான் என்று ஊர் இன்னமும் சிரித்தது.

யாழ்ப்பாணத்து வியாபாரி கார்த்திகேசர் வாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"புளி பூசித் துரு ஏத்தின போலியள் கனக்கப் பாத்தனான். இது அசல், தங்கச்சி. ஆனா இந்த உப்புக்காத்தில துருவே இல்லை. ஆர் எண்ணெய் பூசுறது?"

"அது அவற்ர வேலை. நான் தொடுறேல்லை."

"அவர் மவுத்தாகி வருசமாச்செண்டு சொன்னாங்கள். இந்த எண்ணெய் இன்னும் காயேல்லை."

அலகின் எண்ணெயில் விரல்கள் இழுத்த மூன்று கோடுகள் தெரிந்தன. நடுவிரல் படவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திருக்கை முள் ஏறி அபூசாலி இழந்தது அந்த விரலைத்தான்.

கார்த்திகேசரின் குரல் தணிந்தது. "இதை வீட்டில வைக்காதேங்கோ. நான் கொண்டு போறன்."

"விக்கிறதுக்கில்லை ஐயா. போற வழியில சந்தையில சொல்லிப்போட்டுப் போங்கோ, அவர் ஏமாறேல்லை எண்டு."

அவர் போனதும் வாளை மாட்டினாள். கீழே சுறாவெண்ணெய்ப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்பி, தக்கையைத் தளர்த்தி வைத்தாள்.