சிப்ஸ் கடைக்காரன் செய்த பாவம்

"எல்லாரும் ரெடியா? மூணு எண்ணுவேன். ஒண்ணு... ரெண்டு..."

க்ளெண்டா மூன்று சொல்வதற்குள், பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் அந்த மீன் வறுவல் கடையைப் பார்த்து 'ஊ...' என்று ஊளையிட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருத்தர் கையோடு கொண்டுவந்திருந்த முட்டையைக் கண்ணாடியில் வீசிவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

'தி நைட் ஃபெரி' ராக் குழு வளர்ந்த இடங்களை இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் சுற்றிக் காட்டுவது க்ளெண்டாவின் பிழைப்பு. பாடகர் படித்த பள்ளிக்கூடம், டிரம்ஸ்காரர் மீன் இறக்கிய துறைமுகம் என்று எதைக் காட்டினாலும் ரசிகர்கள் கொட்டாவிதான் விடுவார்கள். இந்தக் கடைக்கு வந்தால்தான் உயிர் வரும்.

பின்னே? உலகமே பாடுகிற அந்தப் பாட்டு இந்தக் கடையைப் பற்றியதாயிற்றே! கொட்டும் மழையில் நாலு பையன்கள் பசியோடு வந்து ஒரு பொட்டலம் சிப்ஸ் கேட்கிறார்கள். கடைக்காரன் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறான். அந்த ஒரு பாட்டாலேயே நாலு பேரும் கோடீசுவரர்கள் ஆனார்கள். பாடகர் ராய்ஸ்டன் பெல்லுக்கு 'சர்' பட்டமே கிடைத்தது.

கதவைச் சாத்திய மகாபாவி வில்ஃப் ஹார்க்கர் மட்டும் எண்பதைத் தாண்டியும் அதே அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். நல்லவர்களுக்குத்தான் ஆயுசு குறைவு என்று க்ளெண்டா மைக்கிலேயே சொல்வாள்.

இன்று அவளுக்கு அந்த ஆளிடமே ஒரு வேலை இருந்தது. ரசிகர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"மிஸ்டர் ஹார்க்கர், நகராட்சி உங்க வாசல் சுவத்துல ஒரு பித்தளைப் பலகை வைக்கப் போகுது. கட்டடம் உங்களோடதுங்கிறதால உங்களைக் கேக்கணுமாம்."

"என்ன எழுதியிருக்கும்?"

"'பசியோடு வந்த நைட் ஃபெரியை விரட்டியடித்த கடை இதுதான்.'"

"வெச்சுக்கோங்க கண்ணு. ஆணி மட்டும் பாத்து அடிக்கச் சொல்லு. உள்ள கரன்ட் ஒயர் ஓடுது."

க்ளெண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெக்கமாவே இல்லையா உங்களுக்கு? நீங்க போனப்புறமும் இந்தக் கெட்ட பேரு நிக்குமே!"

"என் மகளும் இதைத்தான் சொல்றா. ஹார்க்கர்ங்கிற பேரையே தூக்கிப் போட்டுட்டா. கிறிஸ்துமஸுக்குக்கூட வர்றதில்ல." வில்ஃப் மீனை மாவில் புரட்டி எண்ணெயில் விட்டார்.

"ஒரு பொட்டலம் சிப்ஸ் குடுத்திருந்தா குடியா முழுகியிருக்கும்?"

"அன்னிக்கு எண்ணெய் காயல."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது, பின்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் வில்ஃப், இன்னொரு துண்டு மீன் கொண்டா. உப்பைக் கொறைச்சுப் போடு, டாக்டர் திட்டுறான்."

அந்தக் குரல் பாடுவதைக் கேட்டுத்தான் க்ளெண்டா தினமும் கண்விழிப்பாள். ஓடிப்போய்த் திரையை விலக்கினாள்.

உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தார் சர் ராய்ஸ்டன் பெல்.

"சார்... நீங்க போயும் போயும் இந்த ஆளு கடையிலயா?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"வேற எங்கம்மா போவேன்? ஊர்ல கச்சேரின்னா பின்வாசல் வழியா இங்கதான் வருவேன். ஒண்ணும் இல்லாத காலத்துல எங்க நாலு பேருக்கும் சோறு போட்டதே இவன்தான். ஒத்தக் காசு வாங்கல."

"அப்ப அந்தப் பாட்டு?"

"எங்க மேனேஜர் பண்ணின வேலை. 'வயிறு ரொம்பின பசங்க பாட்டை எவன் கேப்பான்'னான். பசின்னு எழுதினேன். வெரட்டினாங்கன்னு எழுதினேன். பாட்டுல கடைப் பேரே கிடையாது. பேப்பர்காரன் எந்தக் கடைன்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்ச ஒரே கடை இதுதான். உளறிட்டேன்."

இந்தக் கிழவரை மைக் வைத்துத் திட்டியே வயிறு வளர்த்திருக்கிறோமே என்று க்ளெண்டாவுக்கு உடம்பு கூசியது.

"ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிடறேன்னு வர்றேன். சொன்னா உள்ளயே விடமாட்டேங்கிறான். நீயாவது அந்தப் பலகையில மாத்தி எழுதச் சொல்லும்மா. எனக்கு நிம்மதியே இல்ல."

"வாய மூடிட்டுத் தின்னுடா," என்று வில்ஃப் சுடச்சுட மீனைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "பலகையில ஒரு எழுத்து மாறக் கூடாது. சொல்லிட்டேன்."

வெளியே மறுபடியும் ஊளைச் சத்தம் கிளம்பியது.

"ஏன் மிஸ்டர் ஹார்க்கர்?" க்ளெண்டா அவர் பக்கம் திரும்பினாள். "முட்டையடி வாங்கிக்கிட்டு, பெத்த பொண்ணையும் விட்டுக்குடுத்துட்டு... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊரே உங்களைத் தலையில தூக்கிவெச்சு ஆடியிருக்குமே!"

வில்ஃப் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். முதல்தடவையாக அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது.

"எப்படிக் கண்ணு சொல்லுவேன்? ரேடியோவுல அந்தப் பாட்டை மொதல்ல கேட்டப்ப, நானே தேம்பித் தேம்பி அழுதேன். அந்தக் கடைக்காரன் மட்டும் கையில கெடச்சான்னா நாலு அறை விடணும்னு இருந்துச்சு!"