ரகசியக் கேள்வி

"பாஸ்வேர்ட் தெரியாட்டி, நீங்கள் ஜெயந்தினியின்ர அம்மா எண்டு இது நம்பாது" என்றான் கஜதீபன், கம்ப்யூட்டரைக் காட்டி.

எதிரே அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றாள். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனில் அவன் நடத்தும் இன்டர்நெட் கடைக்கு ஒரே ஒரு போட்டோவுக்காக வந்திருந்தாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஜெயந்தினி, சீல் வைத்த பெட்டியில் திரும்பி வந்தாள். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்காமல் புதைத்தார்கள்.

நாளைக்குக் கருமாதி. மாலை போட வீட்டில் ஒரு படமில்லை. பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்டு எடுத்த படம் ஈமெயிலில் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன் என்று கடைசியாகப் பேசியபோது சொன்னாளாம்.

அடுத்தவர் ஈமெயிலைத் திறப்பதில்லை என்பதில் யாழ்ப்பாணத்தானான கஜதீபன் பிடிவாதக்காரன். ஆனால் இதைச் சொல்லி அவள் அழுத அழுகை அவனை அசைத்துவிட்டது. மனிதன் நம்பக் கண்ணீர் போதும். மென்பொருளுக்குப் போதாதே.

இரண்டு வழி இருப்பதாகச் சொன்னான். மரணச் சான்றிதழோடு கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதிப் போடலாம். பதில் வர மாதமாகும். இல்லாவிட்டால், கணக்குத் தொடங்கும்போது ஜெயந்தினி தானே தேர்ந்தெடுத்த ரகசியக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். மூன்று தடவை பிழையாகச் சொன்னால் கணக்குப் பூட்டிக்கொள்ளும், நாளை மறுநாள்தான் மறுபடி முயலலாம்.

"கேள்வியவே கேளுங்க தம்பி."

கேள்வியைப் பார்த்ததும் அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. "சுகமான கேள்விதான். அம்மாவின்ர பேர் என்ன?"

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "நாகலெட்சுமி" என்றாள்.

அடித்தான். பிழை என்றது. எழுத்தை மாற்றி அடித்துப் பார்த்தான், அதுவும் பிழை. இன்னும் ஒரு தடவைதான் மிச்சம்.

வாசலில் குடையோடு நின்ற அவள் புருஷன் எட்டிப் பார்த்தான். "கெடச்சுச்சா ராசம்மா?"

கஜதீபனுக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டத்தில் இது வழக்கம்தான். பதிவில் ஒரு பெயர், லயத்து வீட்டில் கூப்பிட ஒரு பெயர். பாவம், இந்த மனுஷி அடையாள அட்டைப் பெயரைச் சொல்லித் தடுமாறுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"வேணாந் தம்பி, அதுவா இருக்காது. பூட்டிக்கிட்டா நாளைக்குப் படமில்லாமப் போயிரும்" என்று அவள் கையை நீட்டித் தடுப்பதற்குள் அடித்துவிட்டான்.

திறந்தது. நீலச்சட்டையில் ஜெயந்தினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்துக்காக மழையில் வந்தவள் படத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். "என்ன பேருக்குத் தெறந்துச்சு?"

"உங்கட பேருக்குத்தான் அம்மா. ராசம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். கஜதீபன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வீட்டில் கூப்பிடும் பெயரை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மெல்லக் கேட்டான்.

"நாகலெட்சுமிதாங்க தம்பி அவளப் பெத்தவ. நா ரெண்டாந்தாரம்... என்னைய அவ ஒருநாளும் அம்மான்னு கூப்புட்டதில்ல."