புரிஞ்சுது டீச்சர்

"புரிஞ்சுதா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"புரிஞ்சுது டீச்சர்!" ஆறாம் வகுப்பு மொத்தமும் கூரை அதிரக் கத்தியது.

கரும்பலகைக்கு மேலிருந்த கவனிப்பான் பச்சையாக ஒளிர்ந்தது. எந்தப் பிள்ளையாவது 'புரியலை' என்று சொன்னாலோ, நடத்திய பாடத்தை ஆசிரியர் மறுபடி நடத்தினாலோ அது சிவக்கும். அடிக்கடி சிவந்தால் மாற்றல்தான். போன வருடம் கணக்கு எடுத்த அருணாசலம் சாரை அப்படித்தான் அனுப்பினார்கள்.

செண்பகவல்லி முதல் பெஞ்சு இசைமொழியிடம் குனிந்து கிசுகிசுத்தாள். "அரையும் காலும் எவ்வளவுடி?"

"ஆறில் ரெண்டு டீச்சர்."

"அரை தோசை தின்னுட்டு, மேல கால் தோசையும் தின்னா வயித்துல தோசை குறைஞ்சா போகும்?"

"அவ தம்பி பிடுங்கியிருப்பான் டீச்சர்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

இசைமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. கவனிப்பானை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நெஜமாவே புரிஞ்சுதா? பயப்படாம சொல்லு."

"சொன்னா நீங்களும் போயிடுவீங்கல்ல?" கண் கலங்கக் கேட்டாள் இசைமொழி.

செண்பகவல்லி நிமிர்ந்தாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று டஸ்டரை எடுத்தாள். "பின்னத்தை முதல்லேருந்து மறுபடி..."

"வேண்டாம் டீச்சர்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து அலறினான் முத்துவேல்.

அவள் மேலே பேச வாயெடுத்ததும், வகுப்பே எழுந்து நின்று அவள் குரலை அமுக்கியது.

"புரிஞ்சுது டீச்சர்! புரிஞ்சுது டீச்சர்!"

கவனிப்பான் முன்னைவிடப் பளிச்சென்று பச்சையாக எரிந்தது.